இடி விழுந்த தென்னையில் ஆந்தைக் குஞ்சுகள்: எடுக்கலாமா, விடலாமா?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கொல்லையில் இடி விழுந்து தலை கருகிய தென்னை ஒன்று நிற்கிறதாம். அதன் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. ஒரு வாரமாக மூன்று தலைகள் எட்டிப் பார்க்கின்றன. நேற்றுக் காலையில் ஒரு குஞ்சு கீழே இறங்கி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது. "சாக்குருவி வீட்டுக்கு ஆகாது, மரத்தை வெட்டு" என்கிறார் மாமியார். கூண்டு வாங்கி வளர்க்கலாம் என்கிறார் கணவர். குஞ்சுக்கு என்ன கொடுப்பது, எத்தனை நாள் இருக்கும், மரத்தை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குஞ்சை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பால், தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். நாய் இருந்தால் கட்டிப்போடுங்கள். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

நான் பறவை ஆராய்ச்சி செய்பவன் இல்லை. வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பாபநாசத்துக்குத் தெற்கே சொந்த ஊரில் இருக்கிறேன். எங்கள் கொல்லையிலும் ஒரு மொட்டைத் தென்னை உண்டு. அதில் ஆறு பருவமாக ஆந்தைகள் குடித்தனம் நடத்துகின்றன. சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நோட்டில் குறித்துவைப்பது பழக்கமாகிவிட்டது. அந்த நோட்டும் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஆந்தை? மஞ்சள் கண், வெள்ளைப் புருவம், பழுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு, பகலிலும் வாசலுக்கு வந்து முறைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும், உருண்டையாக இருப்பதால் பெரிதாகத் தெரியும். நம் பக்கத்தில் இன்னொன்றும் வீட்டை ஒட்டி வாழும், அது வெண்கூகை. இதய வடிவ வெள்ளை முகம், கறுத்த கண். கோயில் கோபுரத்து மாடங்களிலும் பழைய வீட்டுப் பரண்களிலும் இருக்கும். அதன் குஞ்சுகள் இரவெல்லாம் யாரோ குறட்டை விடுவதுபோல் சீறிக்கொண்டிருக்கும். ஆந்தை அலறும், கூகை குழறும் என்று பள்ளிக்கூடத்தில் மரபுச்சொல் படித்திருப்போம். இரண்டையும் கேட்டவர்கள்தான் அதை வகுத்திருக்க வேண்டும்.

புள்ளி ஆந்தை தானாகப் பொந்து குடையாது. உங்கள் தென்னையில் ஓட்டை போட்டது அநேகமாக மரங்கொத்தியாக இருக்கும். கிளி அதைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கலாம். ஆந்தைக்குக் கிடைத்தது பழைய வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போனால் தலையில்லாத தென்னைகள் வரிசையாக நிற்கும். பார்க்கவே வயிறு எரியும். அந்த மரங்களிலும் அடுத்த வருஷமே மரங்கொத்தியின் வேலை தெரிந்தது.

தென்னிந்தியாவில் இவை முட்டையிடும் காலம் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். எங்கள் வீட்டில் குஞ்சு வெளியே வருவது பெரும்பாலும் மாசிக் கடைசி, பங்குனி. யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கிறது. தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு முடிகிறது. வயலில் ஒளிய இடம் இல்லாமல் எலி வரப்புக்கும் களத்துக்கும் ஓடுகிறது. அறுத்த தாளுக்கு இடையில் உளுந்தும் பயறும் கிளம்பி நிற்கின்றன, அதில் வெட்டுக்கிளியும் வண்டும் நிறைய. மழையும் ஓய்ந்துவிட்டது. பிள்ளை குட்டிக்காரர்களுக்கு இதைவிட நல்ல மாதம் வேறு கிடைக்காது.

மூன்று, நான்கு முட்டை இடும். முதல் முட்டை விழுந்ததுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். கோழி அப்படிச் செய்யாது, எல்லா முட்டையும் இட்ட பிறகுதான் உட்காரும். அதனால் கோழிக்குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்கும், ஆந்தைக் குஞ்சுகள் அண்ணன் தம்பி மாதிரி படிப்படியாக இருக்கும். உங்கள் மூன்றில் ஒன்று மட்டும் சின்னதாக, பஞ்சு உதிராமல் இருக்கிறது, நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் இல்லை, கடைக்குட்டி. வெண்கூகையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. மூத்ததற்கும் இளையதற்கும் இரண்டு வாரம்கூட இடைவெளி இருக்கும். சுவிட்சர்லாந்தில் லொசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரூலின் பல வருஷமாகக் கூகைகளை ஆராய்கிறார். பெற்றோர் வெளியே போயிருக்கும் நேரத்தில் குஞ்சுகள் மாறி மாறிக் கத்தி, அடுத்த இரை யாருக்கு என்று தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்கின்றன என்று அவர் குழு காட்டியிருக்கிறது. அதிகம் கத்துவது அதிகப் பசியில் இருப்பது, மற்றவை விட்டுக்கொடுக்கும். மூத்தது இளையதற்கு ஊட்டுவதும் உண்டாம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், பொரித்தபின் பொந்துக்குள் இன்னொரு மாதம். முதல் இரண்டு வாரம் வெளியில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. தாய் அடிக்கடி உள்ளே போய்வருவதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். உள்ளே கண் திறக்காத வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் இருக்கும். தலை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டதென்றால் மூன்று வாரம் தாண்டிவிட்டது. உங்கள் கணக்குப்படி, இந்தப் பத்து நாளில் மூன்றும் வெளியே வந்துவிடும்.

இந்தப் பத்து நாளைத் தவறவிடாதீர்கள். சூரியன் இறங்கியதும் கொல்லைக் கதவுக்கு உள்பக்கமாக, குறைந்தது முப்பது அடி தள்ளி உட்காருங்கள். முதலில் ஒரு பெரிய ஆந்தை மின்கம்பியிலோ முருங்கைக் கிளையிலோ வந்து உட்காரும். இன்னொன்று வேறு பக்கத்திலிருந்து கிரீச்சென்று பதில் கொடுக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு கச்சேரி வைக்கும், அதைக் கேட்டால் சண்டை என்றே நினைப்பீர்கள். அது முடிந்ததும் வேலை ஆரம்பம். ஒருநாள் மாலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் 17 தடவை இரை வந்ததாக என் நோட்டில் இருக்கிறது. எலிதான் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததில் முக்கால்வாசி பூச்சி. பிள்ளைப்பூச்சி, சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, தெருவிளக்கடியில் பொறுக்கிய வண்டு. நடுவில் எங்கள் வீட்டு டியூப்லைட் பல்லி ஒன்றும் போனது. சுண்டெலி வந்த அன்று மட்டும் பொந்துக்குள் பெரிய ரகளை.

குஞ்சு உங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டும். குழந்தைகள் அதைப் பார்த்து "டான்ஸ் ஆடுது" என்பார்கள். ஆந்தையின் கண் குழிக்குள் அசையாது. நம்மைப்போல் விழியை உருட்டமுடியாது. ஆகவே தலையையே நகர்த்திப் பார்த்து, நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அளக்கிறது. "ஆந்தை முழி" என்று நாம் திட்டுவது இந்த அசையாத கண்ணைத்தான். அதற்கு ஈடாகத்தான் அந்தக் கழுத்து. நமக்குக் கழுத்தெலும்பு ஏழு, அதற்குப் பதினான்கு. ஏறக்குறைய 270 பாகை திருப்பிவிடும்.

மரத்தடியில் சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். செரிக்காத எலும்பு, ரோமம், வண்டு ஓடு எல்லாவற்றையும் ஆந்தை உருட்டி வாய்வழியாகக் கக்கிய கவளம் அது. ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் நேற்று இரவுச் சாப்பாட்டுப் பட்டியல் கிடைக்கும். பேரனுக்கு இதைக் காட்டியதிலிருந்து தினமும் காலையில் அவன்தான் முதல் ஆளாக மரத்தடிக்குப் போகிறான். பார்த்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இனி, கீழே வந்த குஞ்சு.

இது விபத்தாக இருக்கவேண்டும் என்று இல்லை. பறக்கத் தெரிவதற்கு முன்பே குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியே வரும். குதிக்கும், தத்தும், அரைகுறையாகச் சிறகடித்து எங்காவது போய் விழும். அலகாலும் நகத்தாலும் பற்றிக்கொண்டு செம்பருத்தியிலோ முருங்கையிலோ ஏறியும்விடும். தரையில் ஒரு குஞ்சு தனியாக உட்கார்ந்திருந்தால் நமக்கு அநாதையாகத் தெரிகிறது. தாய் எங்கோ இலைக்குள் உட்கார்ந்து நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் எப்போது போவோம் என்று.

எனக்கு இது தெரியாமல் முதல் வருஷம் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கீழே விழுந்த குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்தேன். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு கொடுத்தேன், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ராத்திரி முழுவதும் இரண்டு பெரிய ஆந்தைகளும் சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெளியே வந்து வந்து கத்தின. எனக்குத் தூக்கம் வந்தது, அவற்றுக்கு வரவில்லை. காலையில் குஞ்சு கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தது. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருக்கிறது. நாம் விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். ஆந்தைக்கு வேண்டிய ஈரம் இரையிலேயே கிடைத்துவிடும், தனியாகத் தண்ணீர் காட்டத் தேவையில்லை. பால் எந்தப் பறவைக்கும் செரிக்காது. அந்தக் குஞ்சை அன்று மாலையே மாமரக் கிளையில் கொண்டுபோய் வைத்தேன். இருட்டிய கால் மணி நேரத்தில் தாய் வந்து எதையோ வாயில் திணித்துவிட்டுப் போனது. பிழைத்துக்கொண்டது. என் சாமர்த்தியத்தால் இல்லை.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். பகலில் நாய், பூனை, காக்கை வராமல் தூரத்தில் இருந்து கண் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான இடம் என்றால், ஒரு பழைய துண்டைப் போர்த்தி, இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்துத் தூக்கி, மரத்துக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு மேலான, இலை அடர்ந்த கிளையில் வையுங்கள். நகம் கூர்மை, துண்டு இல்லாமல் தொடாதீர்கள். வைத்ததும் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. சிறகு தொங்குகிறது, ரத்தம் இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது, பூனை கவ்விவிட்டது என்றால் மட்டும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, எதுவும் கொடுக்காமல், வனச்சரக அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோகலாம்.

காக்கையைச் சும்மா சொல்லவில்லை. பகலில் கூகையைக் காக்கை வென்றுவிடும் என்று குறளே சொல்கிறது. தத்தித் திரியும் குஞ்சு காக்கைக் கூட்டத்திடம் சிக்கினால் பிழைப்பது கஷ்டம். காக்கை மட்டும் இல்லை, மைனா, கரிச்சான், அணில் எல்லாம் சேர்ந்து பகலில் ஆந்தையைச் சுற்றிக் கூச்சல் போடும். இதில் நமக்கு ஒரு வசதி: காணாமல்போன குஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், பத்து மணி வாக்கில் அணில் விடாமல் கத்தும் மரத்தைப் போய்ப் பாருங்கள்.

கூண்டு விஷயத்தில் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடித்து வளர்ப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கூண்டில் வளர்ந்த ஆந்தைக்கு வேட்டை தெரியாது. ஒரு மாதம் கழித்துத் திறந்துவிட்டால் பட்டினி கிடந்தே சாகும்.

மாமியாரோடு வாதம் பண்ணாதீர்கள். என் அம்மாவும் அப்படித்தான். சாக்குருவி கத்தினால் உப்பை எடுத்து அடுப்பில் போடுவார். எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் காலத்தில் ஊரே இருட்டில் கிடக்கும். யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல்போனால் அந்த வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், இரண்டுக்கும் ஆந்தை வரும். மறுநாள் சாவு விழுந்தால் பழி ஆந்தை மேல். இதைச் சொன்னபோது அம்மா கேட்கவில்லை. வடக்கே மகாலட்சுமிக்கு ஆந்தைதான் வாகனம் என்று சொன்னபிறகுதான் "அப்படியா" என்று உப்பை நிறுத்தினார். அந்த லட்சுமி நம்பிக்கையை வைத்தே வடக்கே தீபாவளியை ஒட்டி ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள், பலி கொடுக்கிறார்கள் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன். எலி மருந்து. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும் மாதம் இது. கடையில் எலி கேக் வாங்கி மூலைக்கு மூலை வைப்போம். அதில் பெரும்பாலும் இருப்பது புரோமடையலோன் போன்ற, ரத்தம் உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்குச் சுலபம். எலியின் ஈரலில் தங்கிய மருந்து அப்படியே குஞ்சின் வயிற்றுக்குப் போகிறது. வேலையில் இருந்த நாளில் எத்தனையோ விவசாயிகளுக்கு இந்தக் கேக்கை நானே சிபாரிசு செய்திருக்கிறேன். மூன்றாவது பருவத்தில் எங்கள் நெல் அறையிலும் வைத்தேன். ஐந்தாறு நாளில் பெரிய ஆந்தை ஒன்று மரத்தடியில் செத்துக் கிடந்தது, அலகோரம் ரத்தம். கேக்தான் காரணம் என்று அறுத்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சந்தேகமும் இல்லை. இரண்டு குஞ்சுகளை மீதமிருந்த ஒற்றை ஆந்தை வளர்க்கப் பாடுபட்டது. ஒன்றுதான் தேறியது.

அன்றிலிருந்து வீட்டில் எலிப்பொறி, வயலில் எலி பிடிக்கும் கிட்டி. நம் தஞ்சாவூர் மூங்கில் கிட்டியை வெளியூர்க்காரர்கள்கூடப் பேர் சொல்லிக் கேட்பார்கள், நாம்தான் மறந்துகொண்டிருக்கிறோம். வயலில் நட்ட புதிதில் ஆந்தை உட்கார்வதற்குக் குறுக்குக்கட்டை வைத்த குச்சி ஊன்றச் சொல்வதும் துறையின் பரிந்துரைதான். ஆந்தைக்கு இருக்கையும் போட்டு, அது தின்னும் எலிக்கு விஷமும் வைத்தால் என்ன நியாயம்? குஞ்சு இருக்கும் இந்த இரண்டு மாதமாவது கேக் வேண்டாம். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆந்தைக்கு வேலி தெரியாது.

சின்ன விஷயங்கள் சில. கொல்லை விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். பொந்துக்குள் செல்போன் டார்ச் அடிக்காதீர்கள், ஏணி வைத்து ஏறாதீர்கள். போட்டோ எடுத்தால் ஃபிளாஷ் வேண்டாம், ஊர் பேரோடு போடவும் வேண்டாம், தேடி வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை.

வெளியே வந்த பிறகும் குறைந்தது மூன்று வாரம் பெற்றோர்தான் ஊட்டும். பகலில் மூன்றும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து தூங்குவதைப் பார்ப்பீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக விளையாட்டு வேட்டை தொடங்கும். சருகு மேல் பாய்வது, காய்ந்த தென்னம்பாளையைப் பிடித்துக் கொல்வது. கோடை மழை ஒன்று பெய்து ஈசல் கிளம்பினால் அன்றைக்குத்தான் பல குஞ்சுகளுக்கு முதல் சொந்தச் சம்பாத்தியம். தத்தித் தத்தி ஈசல் பொறுக்குவது பார்க்கக் கோழிக்குஞ்சு மாதிரியே இருக்கும். மூன்றும் மிஞ்சும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் சித்திரை முடிவில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். வைகாசி, ஆனிக்குள் அவையும் வேறு மரம் பார்த்துக்கொள்ளும். பெரியவை இரண்டும் அங்கேயே இருக்கும்.

கடைசியாக மரம். வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் வெட்டத்தான் வேண்டும், மழைக்காலத்தில் மேலே விழுந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் இப்போது வேண்டாம். ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் செய்யுங்கள், அப்போது பொந்து காலியாக இருக்கும். வெட்டும்போதும் அடியோடு வேண்டாம். எங்கள் மரம் உளுத்துப்போய் மேலே ஆட ஆரம்பித்ததும், போன ஆவணியில் பொந்துக்கு இரண்டடி மேலே வைத்து வெட்டச் சொன்னேன். மரம் ஏறியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க, வெட்டிய வாயில் ஒரு பழைய மண்சட்டியைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டினோம். ஐப்பசியில் மைனா ஜோடி வந்து உள்ளே வைக்கோல் திணித்தது. போச்சு என்று நினைத்தேன். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் காலையில் மரத்தடியில் வைக்கோல் பூராவும் சிதறிக் கிடந்தது, பொந்து வாசலில் வெள்ளைப் புருவம்.